குளிரறை மணி

பனிச்சங்கேணியில் வாவிக்கரையோரம் இருக்கும் அந்த இறால் குளிரறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. இறால் தலைகளை உரப்பைகளில் கட்டி வாசலோரம் போட்டிருந்தார்கள். பைகளின் அடியிலிருந்து கறுத்த நீர் வடிந்து என் செருப்பு வரை வந்தது. காத்தான்குடியிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை அன்று முழுக்க நான் அவிழ்க்கவே இல்லை.

நான் றுஸ்தி. பழைய மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். அந்தக் குளிரறையை ஓட்டுவது நாற்பது வருடத்துக்கு முந்திய யப்பான் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. அதற்குள் இருக்கும் சிப்பை இப்போது உலகத்தில் எவரும் செய்வதில்லை. அதைக் கழற்றிவிட்டு, அது செய்த வேலையை வரி வரியாக எழுதி ஏற்றிய லொஜிக் போர்ட் ஒன்றை அங்கே பொருத்துவதுதான் என் தொழில். நான் எழுதாத எதையும் அந்தப் போர்ட் செய்யாது.

முதலாளி விஜிதரன் ஒரு வரியை விட்டுவிடச் சொன்னார்.

குளிரறைக் கதவுக்கு உட்பக்கக் கைப்பிடி இல்லை. எப்போதோ துருவேறிக் கழன்றுவிட்டது. உள்ளே அடைபட்டவர் அங்கிருக்கும் பொத்தானை அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். அந்த மணி இனி அடிக்கக் கூடாதாம்.

ஏன் என்று கேட்டேன். டிவியில் ஓடிய கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். நாலு மாதத்துக்கு முன் மதுஷன் என்ற வேலையாள் உள்ளே மாட்டிக்கொண்டான். மணி அடித்ததுதான். பழைய சிப் சும்மாவும் அடிக்கும் என்று இவர் எழும்பவில்லை. பின்னேரம் திறந்தபோது அவன் விறைத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு ஆளில்லாமலே மணி அடிக்கிறதாம்.

"சிப்புக்குத்தான் கிறுக்கு. அந்தச் சனியன விட்டுடு, தம்பி," என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். ஒரு வரி குறைந்தால் எனக்கும் வேலை குறைவு. அந்த வரியை அழித்துவிட்டேன்.

பழைய சிப்பை நெம்பியபோது அதன் கால்களுக்கிடையில் சளி மாதிரி மஞ்சளாக ஏதோ இழுபட்டது. விரலைத் துணியில் தேய்த்தேன். போகவில்லை. முகர்ந்து பார்த்தது என் மடத்தனம்.

புதிய போர்ட் நன்றாகவே ஓடியது. உள்ளே இருக்கும் வெப்பமானி மட்டும் தவறாகக் காட்டியது. போனை மேசையில் வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு மீன்பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

பெட்டி வழுக்கியது.

கதவு மூடிக்கொண்டது. வெளிச்சமும் போய்விட்டது.

தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வரியை அழித்தவனே நான்தான்.

ஆனாலும் கையை எடுக்கவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு நின்றேன். வெளியே எந்தச் சத்தமும் இல்லை. காது மரத்தது. யா அல்லாஹ், என்னைக் காப்பாற்று என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாற்றம் மாறியது.

அது இறால் நாற்றம் இல்லை.

என் விரலின் மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது.

ஐஸ் கரைந்து இரண்டு நாள் கிடந்த மீனைத் தொட்டது போல, தோல் கழன்று வழுக்கியது. அது என் விரலை மெதுவாக ஒதுக்கிவிட்டுத் தானே அழுத்தியது.

டக். டக். பிறகு நீளமாக ஒன்று.

வெளியே மணி அடித்தது.

கதவு திறந்தது. நான் வெளியே விழுந்து வாந்தியெடுத்தேன். விஜிதரன் என்னைத் தூக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருட்டைப் பார்த்தபடி நின்றார்.

"ரெண்டு குட்ட, ஒரு நெட்ட," என்றார். "அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அப்படி அழுத்தவில்லை என்றேன். அவர் முகம் வெளுத்தது. உள்ளே நிற்பது யார் என்று வெளியே தெரிவதற்காக, வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அடி இருந்ததாம்.

"இது மதுஷன்ட அடி."

"அவன் செத்த அண்டைக்கு அடிச்சதும் இதுதானா, அண்ணன்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தார். சிப்பின் கிறுக்கு என்று அவர் ஒருபோதும் நினைத்திருக்கவில்லை. எவன் உள்ளே நிற்கிறான் என்று தெரிந்துகொண்டுதான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்திருக்கிறார்.

நான் போர்ட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். அவருடைய இறால் எல்லாம் அழுகட்டும். விரலைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். வழுவழுப்பு போகவே இல்லை.

மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது பின்னால் மணி அடித்தது. இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

போர்ட் என் பைக்குள் கிடந்தது.

தன் அறைக்குள் விஜிதரன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.