மேல ஏறாதேங்கோ

தை மாதத்துக் கடும் குளிரில், நிலத்துக்கு அடியில், ஸ்காபரோவின் கடைசி சப்வே ஸ்டேஷனில் பாலேஸ்வரிக்குக் கடல் மணத்தது. மீன்கடை மணம் என்றால் விட்டுவிடலாம். இது வேறு. கரைவலை இழுத்து முடிந்த கையோடு, வெயில் ஏற முன்னம், ஈரக் கயிறும் பாசியும் சேர்ந்து வருமே, அந்த மணம்.

பாலேஸ்வரியின் மூக்கை அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் கதவு திறந்ததுமே எந்த மாடியில் என்ன கறி கொதிக்கிறது, யார் முந்தநாள் குழம்பைச் சூடாக்கி விருந்துக்கு வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்குச் சிநேகிதம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்த சனம் முட்டிமோதி எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் மூக்கை உயர்த்திக்கொண்டு கீழே நின்றதைப் பார்த்தவர்கள், மனுஷிக்கு மூளையும் கலங்கிவிட்டது என்று அன்றிரவே லோண்டரி அறையில் முடிவு கட்டினார்கள்.

ஸ்டேஷனுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. நம் சனம் அதை வாயில் எடுப்பதில்லை. கடைசி ஸ்டேஷன் என்றால் போதும். முன்னொரு காலம் அங்கே சோள வயலும் சின்ன ஆறு ஒன்றும் இருந்தனவாம். சப்வேக்குக் கிண்டியபோது ஆற்றைப் பிடித்துக் குழாய்க்குள் அடைத்து, மேலே பஸ் தரிப்பிடம் கட்டி மூடிவிட்டார்கள். ஆறு முழுக்க அடங்கவில்லை. மேடையின் மறு முனையில், பூட்டிய கதவொன்றின் பின்னால், பம்ப் ஒன்று ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தது. நாளாந்தம் போய்வருகிறவர்களுக்கு அந்த இரைச்சல் கேட்பதே இல்லை.

நம் சனம் வந்து சேர்ந்த பிறகு ஸ்டேஷனுக்கு இன்னொரு வேலையும் வந்தது. நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் யாருடையவோ வீட்டு நிலத்தில் சில நாள் படுத்தெழும்பிய புதிய ஆட்கள் சொந்தக்காரரிடம் வருவதென்றால், இங்கேதான் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கூட்டிவரப் போகிறவர் கையில் மேலதிகமாக ஒரு ஜக்கெற்றோடு மேடைக்கே இறங்கிப் போக வேண்டும். அது எழுதாத சட்டம். சட்டத்துக்குக் காரணம் சண்முகநாதன். அந்த மனிதர் சொல்லச் சொல்லக் கேளாமல் தானே மேலே ஏறி, பிழையான வாசலால் வெளியே போய், பிழையான பஸ்ஸில் ஏறி, றப்பர் செருப்போடு ஏதோ ஒரு டோனட் கடையில் அழுதுகொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டவர். இன்றைக்கும் கலியாண வீடுகளில் அவரைக் கண்டால் டோனட் வேணுமோ என்று கேட்க ஒருவர் இருப்பார்.

ஆகவே செல்வரட்ணம் புறப்பட முதல் கடைசியாகத் தொலைபேசியில் வந்தபோது, பாலேஸ்வரி புருஷனிடம் அன்பாக ஒரு சொல் சொல்லவில்லை. தொலைபேசி அட்டையில் கரைந்துகொண்டிருந்த நேரம் முழுவதையும் வழி சொல்வதிலேயே செலவழித்தாள்.

"எல்லாரும் இறங்குற இடத்தில இறங்குங்கோ. மேல ஏறாதேங்கோ. ஆர் வந்து கூப்பிட்டாலும் போகாதேங்கோ, எங்கட சனமெண்டாலும் போகாதேங்கோ. நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அவன் ஓம் ஓம் என்றான். சொன்னதைச் செய்கிற மனிதன். அதைச் சொல்லித்தான் அவனை அவளுக்குப் பேசிச் செய்தார்கள்.

நடுக்கடலில் ஆட்களைப் படகு மாற்றியபோது படகு கவிழ்ந்ததாம். காசு வாங்கி ஆட்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் முதலில் ஒரு கதை சொன்னான், பிறகு வேறொரு கதை சொன்னான், பிறகு அவனுடைய தொலைபேசி இலக்கமே இல்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. உடல் இல்லை. அவனுக்கென்று வாங்கி மாட்டி வைத்திருந்த நீல ஜக்கெற்றைப் போன இலையுதிர் காலத்தில், மச்சாள் யோகராணியின் ஆய்க்கினை தாங்காமல், தானம் போடுகிற பெட்டிக்குள் போட்டாள். யோகராணி அவனுடைய மூத்த அக்கா. அவளே ஐயரையும் பிடித்து, தர்ப்பையில் உருவம் செய்து ஈமக் கடமையை முடிக்க ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டாள். பாலேஸ்வரி ஓம் என்று சொல்வது ஒன்றுதான் மிச்சம்.

"கூடப் பிறந்தவள் நானே அழுது முடிச்சிட்டன். நீ இன்னும் ஸ்டேஷனில நிண்டு ஆரின்ர முகத்தைப் பாக்கிறாய்?"

பாலேஸ்வரி ஓம் என்று சொன்னால் அவன் செத்துவிடுவான். சொல்லும்வரை எங்கோ வந்துகொண்டிருப்பான். மாடிக்கு மாடி இதைப் பிடிவாதம் என்றார்கள், நடிப்பு என்றார்கள்; அகதிப் பணத்துக்காக என்றுகூட ஒருத்தி சொன்னாள். ஒருவரும் அதைப் பயம் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை மணம் கூடியிருந்தது. வியாழக்கிழமை அவள் சுவடுகளைக் கண்டாள். வீதியில் போடும் உப்பு அப்பிய சப்பாத்துத் தடங்கள் மேடை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஈரமாக, கறுப்பாக, வெறுங்கால் தடங்கள். ரயில் கதவு திறக்கிற இடத்தில் தொடங்கி, படிக்கட்டின் அடிவரை வந்து, அங்கே நின்றுவிட்டன. முதல் படி காய்ந்திருந்தது. அவள் குனிந்து ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள்.

சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து அவள் வந்து இறங்கியபோது மேலே பொழுது இருட்டிக்கொண்டிருந்திருக்கும். கீழே எப்போதும்போல அந்த நோயாளி வெளிச்சம். கூடவே இறங்கிய சனம் சாமான் பைகளும் பிள்ளைகளின் சிணுங்கலும் ஈரக் கம்பளி மணமுமாக எஸ்கலேட்டரில் ஏறி, முதுகுகளாகி, சப்பாத்துகளாகி, மறைந்தது. ரயில் கதவை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது. அதன் சத்தம் சுரங்கத்துக்குள் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போக, இத்தனை வருஷமும் கேட்காத பம்ப் இரைச்சல் அவளுக்குக் கேட்டது.

கேட்டது, நின்றது.

அமைதி. எங்கோ ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. குளிரல்ல, ஒரு வெக்கை. கடற்கரையில் அந்தியில் வருகிற வெக்கை.

படிக்கட்டின் அடியில் ஒருவன் நின்றான்.

மெல்லிய சேட்டு. உடம்போடு ஒட்டி. வெறுங்கால். தலைமயிரில் இருந்து தண்ணீர். சொன்ன இடத்தில், சொன்னபடி, மேலே பார்த்துக்கொண்டு.

அவளுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கால்கள் அவனிடம் போயின.

"இஞ்சேருங்கோ," என்றாள். மறுபடி சொன்னாள்.

அவன் திரும்பினான். முகம் வெளுத்து ஊதியிருந்தது. கண்கள் மட்டும் அவனுடையவை. அவளுடைய கம்பளித் தொப்பியை, தடித்த ஜக்கெற்றை, இந்த நாட்டில் ஊதிப்போன அவள் முகத்தை, மரியாதையாகப் பார்த்தான்.

"அக்கா, என்ர மனிசி வருவா. பாலேஸ்வரி எண்டு பேர். மெல்லிசா இருப்பா. மேல கண்டனீங்களே?"

அவள் தொப்பியைக் கழற்றினாள். மயிரை அவிழ்த்துவிட்டாள். நான்தான், நான்தான் என்றாள். கலியாணத்தன்று பெய்த மழையைச் சொன்னாள். அவனுடைய தாயின் பெயரைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். அன்னியர் யாரோ துக்கம் சொல்லக் கேட்பதுபோல.

தன் ஜக்கெற்றைக் கழற்றி நீட்டினாள்.

"வேண்டாம் அக்கா. அவ எனக்கு ஒண்டு கொண்டருவா."

"வாங்கோ. என்னோட வாங்கோ."

"ஆர் கூப்பிட்டாலும் போகக்கூடாதெண்டு சொன்னவ."

அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். ஈரமாக, கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, படியில் ஒரு கால் ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தாள். வந்தது. அவன் வரவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை தோல் மட்டும், நனைந்த கையுறைபோல, முழுதாக வழுக்கிக்கொண்டு அவளிடம் வந்தது.

அவன் நோவு காட்டவில்லை. வெட்கப்பட்டவன்போல அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பரவாயில்லை அக்கா. நீங்கள் போங்கோ."

மறுபடியும் மேலே பார்த்தான். யாரோ இறங்கி வருகிற சத்தம் கேட்டதுபோல அவன் முகம் ஒருகணம் மலர்ந்தது. படிகள் வெறுமையாக இருந்தன. அவள் பக்கத்தில் நின்றாள். கைக்குள் இருந்த தோலின் ஐந்து வெற்று விரல்களும் அவளுடைய சூட்டில் மெல்ல மெல்ல இளகி, அவளுடைய விரல்களைச் சுற்றி மடிந்தன.