பிளீச் ஊற்றிய அரை மணி நேரம்

உறிஞ்சும் பம்பை நிறுத்திய பிறகும் லேப் கழிவு பாட்டில் களகளத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆஃப் பண்ணியாச்சுல்ல?" கையுறையைக் கழற்றியபடி ஆராய்ச்சி மாணவி லேப் உதவியாளரிடம் கேட்டாள்.

"பண்ணிட்டேம்மா. குழாய்ல காத்து நிக்குதுபோல."

"பிளீச் ஊத்தி அரை மணி நேரம் விட்டுத்தானே கொட்டுவீங்க? நாலு குழு புழங்குற லேப். போன தடவை யாரோ அவசரப்பட்டு, எல்லார் தலையிலயும் விடிஞ்சுது."

"நீ போய்ச் சாப்பிடு. நான் பாத்துக்கறேன்."

கதவு மூடியதும், ஜன்னலே இல்லாத அந்த அறையில் குளிர்பெட்டியின் முனகலும், செல்கள் வளரும் இன்குபேட்டரின் வெதுவெதுப்பான ஈர வாடையும் மட்டும் மிஞ்சின. நான்கு குழுக்களும் உறிஞ்சித் தள்ளிய இளஞ்சிவப்புக் கழிவில், ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு என்று அளந்து அவள் பிளீச்சை ஊற்றினாள். நிறம் மஞ்சளாகி, வெளுத்து, தண்ணீர்போலத் தெளிந்தது. மூடியை இறுக்கினாள். கைபேசியில் அலாரம் வைத்தாள்.

களகளப்பு நிற்கவில்லை. கர்ர்... கர்ர்... நடுவில் ஒரு சின்ன இழுப்பு.

அந்த ஓசை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்தே தொண்டையில் குழாயோடு வாழ்ந்த அவள் மகளுக்குச் சளி அடைத்தால் இப்படித்தான் கேட்கும். ஏழு வருடம், இரவு பகல் பாராமல், அந்த ஓசைக்குத் துள்ளி எழுந்து உறிஞ்சி எடுத்தவள் அவள். குழாய் இருந்ததால் குழந்தைக்குக் குரல் வரவில்லை. ஒருமுறைகூட 'அம்மா' என்றதில்லை, கையசைத்துத்தான் கூப்பிடும். போன வருடம் ஒரு மத்தியானம், மூன்று நாள் கண்விழித்த அசதியில், அவள் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது அந்த ஓசை இல்லை.

இப்போது இருந்தது.

பாட்டிலின் உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. வேகமாக.

பாய்ந்து பம்பைப் போட்டாள். "இதோ எடுத்துடறேன் கண்ணு. இதோ... இதோ."

உறிஞ்ச வேண்டிய குழாய், அவள் மணிக்கட்டில் ஊதியது. வெதுவெதுப்பாக. விட்டுவிட்டு.

"முழிச்சுத்தான்டா இருக்கேன். அம்மாவைப் பாரு."

இழுப்பு தணிந்தது. அலாரம் அடித்தது. கூடவே கதவைத் தட்டும் சத்தம்.

"அக்கா? கொட்டியாச்சா?"

வாயைத் திறந்தாள்.

பாட்டிலுக்குள்ளிருந்து, யாரும் ஒருபோதும் கேட்டிராத ஒரு குழந்தைக் குரல் கிசுகிசுப்பாகப் பதில் சொன்னது.

"சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குறாங்க."