முந்நூறு மரம், மூன்று மணித்தியாலம்

"ஐயோ...!"

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் காலை ஏழரைக்கு அந்த அலறல்.

கூட்ட வந்த தங்கம்மாவின் காலடியில் கங்காணி செல்லையா கிடந்தார். மண்டை பிளந்து... பிணமாக!

ஏழு மணிக்கு அவர் பிளேன்டீ குடித்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். ஆக, கொலை நடந்தது அந்த அரை மணித்தியாலத்துக்குள். அழுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்தில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர்.

சந்தேகம் பால்வெட்டும் இருளாயி மேல் விழுந்தது. அட்டை கடிக்கும் செங்குத்து மலையை மூன்று வருஷமாக அவளுக்கே ஒதுக்கி வந்தவர் செல்லையா. "உன் மண்டைய பொளக்குறேன் பாரு" என்று முந்தின நாள்தான் அவள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

சார்ஜன்ட் புவாட் பத்து மணிக்கு வந்தார்.

"நான் மலைய விட்டு நகரலைங்க. ஆறுக்கு ஏறி ஒம்பதுக்கு எறங்குனத எல்லாரும் பாத்தாங்க. அவ்வளவு நேரமும் மரந்தான் வெட்டுனேன்," என்றாள் இருளாயி. கொலைக்கேஸ் என்றால் ஆயுசுக்கும் ஜெயில்.

காய்ச்சலென்று லயத்துக் குடியிருப்பில் படுத்திருந்த புருஷன் முத்துவீரனும் எழுந்து வந்து, கும்பிட்டபடி அழுதான்.

புவாட் மலையேறினார். எண்ணினார். முந்நூறு மரம்... முந்நூறு சிரட்டையிலும் புதுப்பால்!

"முந்நூறு மரத்துக்கு மூணு மணித்தியாலம். அப்ப மணிக்கு நூறு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஸ்டோருக்கு போய்வர அரை மணித்தியாலம். இவ போயிருந்தா அம்பது மரம் வெட்டாம நிக்கணும். ஒண்ணுகூட நிக்கல. இவ கொல்லல."

இருளாயி அவர் காலில் விழுந்தாள். புவாட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையைத் தடவியபடி ஜீப்பில் ஏறினார்.

அரை மைல் போயிருக்கும். டிரைவர் சின்னத்தம்பி லயத்தில் பிறந்து வளர்ந்தவன். மெல்ல வாயைத் திறந்தான்.

"சார்... காய்ச்சல்ல படுத்துக் கெடந்தவன் கையில எப்படி ரப்பர் பால் காஞ்சி ஒட்டியிருக்கு?"

புவாட்டின் கை மீசையிலேயே நின்றது.

"பொஞ்சாதிக்கு அவசரம்னா புருஷன் மரம் வெட்டிக் குடுக்குறது தோட்டத்துல வழக்கம் சார். ஒருத்தருக்கு மூணு மணித்தியாலம். ரெண்டு பேருக்கு ஒன்றரைதானே...?"

சார்ஜன்ட் விரல் விட்டு எண்ணினார். கணக்குச் சரி. ஆளைத்தான் குறைத்து எண்ணிவிட்டார்!

"ஜீப்ப திருப்பு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆள் கூடுனா நேரந்தான்டா குறையும். விலங்கு கூடும். ரெண்டு சோடி எடு."