நாக்கு பட்ட கல்

அந்த மதியம் வீட்டில் இருந்தவர்கள்: சோபாவில் மாமியார், போனும் கையுமாக மச்சான், நிறைமாத வயிற்றோடு மனைவி, அட்டைப்பெட்டியோடு மாப்பிள்ளை. பூட்டிக் கிடந்த கல் அறையில் யாரும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை திறந்தபோது அலமாரியின் மேல்தட்டில் கற்கள் ஈரமாக இருந்தன.

மழை பெய்து மாதக்கணக்காகிறது.

மூன்று தலைமுறையாக ஆற்றுப்படுகையில் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டதுதான் இந்தக் குடும்பத்தின் சாதனை. பொறுக்கி வந்த, வளையம் வளையமாக வரியோடும் அகேட் கற்களுக்கு ஜன்னல் வைத்த அறை. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் போட இடமில்லை; அதனால்தான் இன்று காலி செய்ய வந்திருந்தான். காய்ந்த கல்லில் வரி தெரியாது என்று நக்கிப் பார்க்கிற அசிங்கம் வேறு. போன வருடம் செத்துப்போன மாமனார், அவன் முதன்முதலாக வந்த அன்று ஒன்றை நக்கி, துடைக்காமலே அவன் கையில் கொடுத்தார்.

"பாத்து எடுங்க மாப்ள, எங்க தாத்தா சேத்தது," என்றான் மச்சான், போனிலிருந்து தலை நிமிராமல்.

"சொத்து சேக்கத் துப்பில்லாம கல்லு சேத்தாராக்கும்," என்றான் மாப்பிள்ளை.



அவன் கற்களைத் துண்டால் துடைத்துப் பெட்டியில் போட்டான். துடைத்தது மறுபடி நனைந்திருந்தது. தண்ணீர் இல்லை, கொழகொழப்பாக, ஓரத்தில் சின்னக் குமிழ்களோடு, அப்போதுதான் வாயிலிருந்து எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. பல் துலக்காத வாயின் வாடை அறை முழுக்கப் பரவ, இரண்டாம் தட்டிலிருந்து ச்சப் என்று மெல்லிய சத்தம் வந்தது.

பிறகு மூன்றாம் தட்டில்.

பிறகு அவன் காதருகே.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏதோ நக்கி இழுத்தது. சூடாக. சொரசொரப்பாக. ஈரம் பட்ட இடத்தில் தோலுக்கடியில் வரிகள் எழுந்தன. வெள்ளை. துருச் சிவப்பு. வெள்ளை. வளையத்துக்குள் வளையம்.

தேய்த்தான். போகவில்லை. விரல் மடங்கவில்லை. கால் நகரவில்லை.

"இங்க வா! என்னை வெளிய இழு!"

மனைவி வந்தாள். பின்னாலேயே மாமியார். அவன் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள் மாமியார்.

"இத்தனை நாளா ஒண்ணுக்கும் உதவாததுன்னுல்ல நெனச்சேன். பாருடி, என்ன வரி!"

மனைவி பெட்டியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தாள். அவன் வாய் திறந்தபடியே கல்லாகியிருந்தது, சத்தம் வரவில்லை.

"தொட்டிலை ஹால்லயே போட்டுக்கலாம்மா," என்றாள்.

இருவரும் வெளியே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.