பழுதுபார்க்க அனுப்பப்பட்ட செவிலி

நிலாக் குடியிருப்பின் மருத்துவமனையில் யாராவது இறந்துபோனால், உறவினரிடம் அதைச் சொல்வது ஆறுதலியந்திரத்தின் வேலை. சூடான தேநீரோடு உருண்டு வரும். "எங்களால் முடிந்த அனைத்தையும் செய்தோம்" என்று தழுதழுத்த குரலில் சொல்லும். அழுகை அடங்கும்வரை தோளைத் தட்டிக்கொடுக்கும். செவிலியர்களிலும் பாதிப்பேர் செவிலியந்திரங்கள்தான். முகத்தைப் பார்த்து யார் எதுவென்று சொல்ல முடியாது.

செவிலி பெனிட்டா மனுஷி. அன்று காலை அவசரத்தில், குப்பியின் மேலிருந்த பெயரைப் படிக்காமல், அடுத்த படுக்கைக்காரரின் மருந்தை நோயாளி தணிகாசலத்துக்கு ஏற்றிவிட்டாள். அவருடைய இதயம் நின்றுவிட்டது. எவ்வளவு போராடியும் ஆள் பிழைக்கவில்லை.

தலைமை மருத்துவர் இளங்கண்ணன் அவளைத் தனியே அழைத்தார். "மிஷின் போய்ப் பேசிக்கும். நீங்க வாயைத் திறக்காதீங்க சிஸ்டர்."

பெனிட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறுதலியந்திரத்தை முந்திக்கொண்டு ஓடினாள். கூடத்தில் தணிகாசலத்தின் மனைவி கோமளவல்லி காத்திருந்தார்.

"அம்மா, ஐயா தவறிட்டாரு. நான்தான் மருந்தை மாத்தி ஏத்திட்டேன். பேரைப் படிக்கலை. என் தப்புதாம்மா."

கோமளவல்லி திகைத்துப்போய், பின்னால் ஓடிவந்த இளங்கண்ணனைப் பார்த்தார். "டாக்டர், இது மிஷினா?"

இளங்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம்மா! பழுதாயிடுச்சு. வாய்க்கு வந்ததை உளறுது."

பெனிட்டாவைத் தள்ளுவண்டியில் கட்டிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக் நூருல்லா அவள் காதுக்குப் பின்னால் திருகாணியைத் தேடினான். அவள் கூச்சம் தாங்காமல் நெளிந்தாள்.

"யம்மா, நீங்க மனுஷிங்களா?"

"வழியெல்லாம் அதைத்தானே கத்திட்டு வந்தேன்?"

"பழுதான மிஷின் எல்லாமே அப்படித்தாங்க கத்தும்."

அவன் கட்டை அவிழ்ப்பதற்குள் கோமளவல்லி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இதைக் கழட்டிடாதீங்க! மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தாத்தானே பொய் சொல்லும்? இது தானா வந்து சொல்லுச்சே!" பெனிட்டாவின் பக்கம் திரும்பினார். "காலையில டாக்டருக்குத் தெரியாம அவருக்கு ரெண்டு வாய் தயிர்சோறு ஊட்டினேன். நானே கொன்னுட்டேனோன்னு இருந்துச்சு. நீ சொன்னதும்தான் மூச்சு வந்துச்சு. நிஜந்தானே?"

'மிஷின்னே சொல்லிடுங்க' என்று நூருல்லா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜாடை காட்டினான். ஒரே ஒரு பொய். அந்த அம்மாள் நிம்மதியாகப் போய்விடுவார்.

"நிஜந்தாம்மா. தயிர்சோத்தால ஒண்ணும் ஆகலை. ஆனா நான் மிஷின் இல்லை." பெனிட்டா மணிக்கட்டை நீட்டினாள்.

கோமளவல்லி தொட்டுப் பார்த்தார். விரலுக்கடியில் நாடி படபடத்தது. அவர் முகம் சுருங்கியது.

"மனுஷியா? எந்த மனுஷராவது தன் தப்பைத் தானா வந்து சொல்லுவாங்களா? நான் ஊட்டினதை நீ பார்த்திருக்கே. என் மனசு ஆறணும்னு பழியை நீயே ஏத்துக்கிட்டே."

"ஐயோ, இல்லம்மா…"

"உன் நல்ல மனசு யாருக்கும்மா வரும்?" என்று அவள் கன்னத்தை வருடிவிட்டு, "படுபாவி, நானே கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டே வெளியே போனார்.