சுவரடியில் ஒரு வாளி தண்ணீர்

மகளின் இழுப்புச் சத்தம் கீழேயிருந்து வந்தது. மகளோ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கினாள். மத்தியானத்திலிருந்து விடாத மழை. கூரையில் ஒரு சத்தம், ஜன்னல் தகரத்தில் ஒரு சத்தம், தெருச் சாக்கடையில் வேறொரு சத்தம். அத்தனைக்கும் அடியில், தரைக்கும் கீழே, மெல்ல இழுத்து, நடுவில் ஒரு கணம் நின்று, கடைசியில் சின்ன விசிலோடு வெளியேறும் ஒரு மூச்சு. நூறு பிள்ளைகளுக்கு நடுவில் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் அந்த விசிலை அவள் கண்டுபிடித்துவிடுவாள். எத்தனை இரவுகள் அதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்!

மாடிக்கு ஓடினாள். குட்டி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மூச்சு சீராகப் போய் வந்தது. ஒரு தடங்கலும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு மூச்சை அவள் கேட்டதே இல்லை. கண் நிறைந்துவிட்டது. கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எல்லாம் பிரமை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு இறங்கினாள்.

பாதிப் படியில் மறுபடியும் அந்த விசில். கீழேயிருந்துதான்.

வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. எந்நேரமும் சுவர் வியர்த்து, மூலைகளில் பூஞ்சை கறுத்துக் கிடக்கும். அந்த ஈரம்தான் பிள்ளையின் நெஞ்சில் ஏறுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் அழுது, சம்மதம் வாங்கி, குழாய் வேலைக்காரரை வரவழைத்தாள். அவர் அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, துளை போட்ட குழாயைப் பதித்து, மேலே ஜல்லி கொட்டி, மழைத்தண்ணீர் சுவரைத் தொடாமல் தெருவுக்கு ஓட வழிசெய்தார். நிலவறையின் மூலையில் பழைய குழி ஒன்று சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. அதை வாரி இறைத்துவிட்டு ஒரு மோட்டார் வைத்தார். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் மோட்டார் தானே ஓடி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும்.

“இனிமே உங்க வீட்டுக்கு அடியில ஒரு தவளைகூடக் குடித்தனம் நடத்த முடியாதும்மா” என்று சிரித்தவர், போகும்போது ஒன்று சொன்னார். இந்த மூலைச் சுவரில் மட்டும் ஈரம் கோடையிலும் விடாது போலிருக்கிறது. வெளியே யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள்.

பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலுக்காகத் தெருவே அவரை ஹாரன் அண்ணன் என்று கூப்பிடும். பொழுது சாய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து இவள் வீட்டுச் சுவரடியில் நிதானமாக ஊற்றினார். அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. கேட்டதற்குப் பிடரியைத் தடவிக்கொண்டு, முன்பு குடியிருந்தவர்கள் போகும்போது இந்த மூலை காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றார். ஏனென்று அவர் கேட்கவில்லையாம். போகிறவர்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வாளித் தண்ணீர்தானே, செய்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டாராம்.

“உங்க வாக்கைக் காப்பாத்துறீங்க அண்ணே. என் பிள்ளை மூச்சு போகுது.”

அவர் முகம் வாடிவிட்டது. “தப்புதான் தங்கச்சி. எனக்குத் தோணவே இல்ல” என்றார். மறுநாளிலிருந்து வாளி வரவில்லை. நமக்குச் செய்யப்படும் நல்லது எந்த உருவத்தில் வருகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. ஒரு பழைய வாளியாக வந்தால் தெரியவே தெரிவதில்லை.

நிலவறை காய்ந்தது. சைக்கிளை அங்கே நிறுத்திக்கொள்ள முதன்முறையாகக் குட்டிக்கு அனுமதி கிடைத்தது. இன்றும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளை இறக்கி வைக்கப் போனாள். வெகுநேரம் கழித்து ஏறிவந்தாள். எதுவும் பேசாமல், பாலைக்கூடக் குடிக்காமல் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். களைப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் நிலவறைக் கதவைத் திறந்தாள். பூஞ்சை வாடை இல்லை. வேறொரு வாடை, நெடுநாள் வாய் திறக்காதவர் பேசுவதற்கு வாய் திறந்ததுபோல. விளக்கைப் போட்டாள். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. மழை கொட்டியும் குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடிச்சேறு ஓடு ஓடாக வெடித்திருந்தது. நடுவில் ஒரு நீள வெடிப்பு. அதன் விளிம்பில் இருந்த தூசு மெல்ல எழும்பியது. ஒரு கணம் நின்றது. அடங்கியது.

விசில்.

எப்படி ஏறிவந்தாள், எப்படி மழையில் ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஹாரன் அண்ணன் கதவைத் திறந்ததும் “அண்ணே, வாளி” என்றாள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே என்று குத்திக்காட்டவும் இல்லை. சட்டைகூடப் போடாமல் வாளியோடு வந்தார்.

வாசல் தொட்டியில் மழைநீர் நிறைந்து வழிந்தது. அவர் மொண்டு வந்தார், நிலவறைக் குழியில் ஊற்றினார். மறுபடி மொண்டு வந்தார். வெடிப்பு குடித்தது. பிறகு நிரம்பியது. நீர் மேலேற, மிதவையும் ஏறியது. மோட்டார் உறுமி, ஊற்றியதையெல்லாம் வெளியே தள்ளியது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

இப்போது நீர் நின்றது.

அடியிலிருந்து குமிழிகள். இழுப்பு வேகமானது. தொண்டையில் நீர் புகுந்ததுபோல ஒரு இருமல். அவள் கை தானாக இடுப்புப் பைக்குப் போய் இன்ஹேலரை எடுத்துவிட்டிருந்தது. வருஷக்கணக்கான பழக்கம். கையைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பப் போட்டாள்.

“அடங்குது தங்கச்சி. நான் பாத்துக்குறேன். நீங்க போய்ப் பிள்ளை பக்கத்துல உட்காருங்க” என்றார் அவர்.

அவள் படியேறினாள். நிலவறையில் வாளி கவிழும் சத்தம். நல்ல மனுஷன். இவரையா கடிந்துகொண்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

குட்டி அப்படியேதான் கிடந்தாள். அதே சீரான மூச்சு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. குளிர்ச்சியும் இல்லை. மண் ஓட்டைத் தொட்டதுபோல இருந்தது.

விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

உதடுகள் வெடித்திருந்தன. ஓடு ஓடாக. வெடிப்பின் விளிம்பில் தூசு. மெல்ல எழும்பியது. அடங்கியது.

விசில் இல்லை.

விசில் கீழே இருந்தது. தண்ணீருக்கு அடியில். இப்போது அது வெறும் மூச்சாக இல்லை. இருமலுக்கு நடுவே, குட்டியின் குரலில், இரண்டு எழுத்து. அவளுக்கு மட்டும் புரியும்படி.

“ம்மா.”

அண்ணே, நிறுத்துங்க. சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமே இல்லாத கை. பிடித்த இடத்தில் அவள் தோல் சுருங்கத் தொடங்கியது.

கீழே, விசில் தேய்ந்துகொண்டே போனது. ஹாரன் அண்ணன், சொன்ன சொல் தவறாதவர், இன்னொரு வாளியை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.