இரட்டைப் பின்னல்

'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை மாட்டியிருந்தாலும் அது ஒரு பழைய வீடுதான். இரும்புக் கேட், உள்ளே மணல் கொட்டிய சின்ன விளையாட்டு இடம், அதைத் தாண்டினால் பகலிலும் இருட்டாகவே கிடக்கும் ஒரு கூடம். முதல் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அங்கே போலீஸ்காரி மாதிரிதான் நுழைந்தேன். பிளக் பாயின்ட்டை மூடியிருக்கிறார்களா, மாடிப்படிக்குத் தடுப்பு இருக்கிறதா, கழிவறைக் கதவு உள்ளே பூட்டிக்கொள்ளுமா என்று ஒன்றையும் விடவில்லை.

ஒரு குறையும் இல்லை. மேஜை மூலைகளில்கூட பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது. வீட்டில் நானே அதைச் செய்யவில்லை.

"யார் வந்து கேட்டாலும் என் பொண்ணைக் குடுத்துடாதீங்க. இது யாருன்னு அவளைக் கேளுங்க. அவ வாயால சொன்னா மட்டும் அனுப்புங்க. நானே வந்தாலும் சரி" என்று பெரிய டீச்சரிடம் கறாராகச் சொன்னேன்.

"எங்க வழக்கமே அதுதாங்க" என்று அந்த அம்மாள் சிரித்தார். "இந்த வீட்ல ஒரு பிள்ளைக்குச் சின்ன சிராய்ப்புகூட ஆனதில்ல. தைரியமா வேலைக்குப் போங்க."

எனக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டி, காதுப் பக்கம் வளைத்து, சரி பார்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். வந்தால் ஒரு மாதம், போனால் எட்டு மாதம். ஆக வீட்டில் நானும் என் மகளும் மட்டும். பிறந்தபோது அவள் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அதனால் 'முட்டை' என்று கூப்பிட்டோம். இப்போது தோளைத் தொடும் சுருட்டை முடி. ஆனாலும் முட்டைதான்.

அந்த முடியை நான் தொட முடியாது. சீப்பை எடுத்தாலே ஊரைக் கூட்டிவிடுவாள். ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மாலை அவளைக் கூட்டிவரப் போனேன். இரட்டைப் பின்னலோடு வந்து நின்றாள். நடு வகிடு நூல் பிடித்த மாதிரி. ஒரு முடி பிசிறவில்லை. இரண்டு நுனியும் உள்ளே மடித்துக் கட்டியிருந்தது.

"யாருடி பின்னினது?"

"அந்த அம்மா."

"எந்த அம்மா?"

"தூங்குற ரூம்ல இருக்காங்களே, அந்த அம்மா."

அம்மாவாம். எனக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். சுமந்து பெற்றது நான், ராத்திரியெல்லாம் கண் விழித்தது நான், எவளோ ஒருத்தி சீப்பைப் பிடித்ததும் அம்மா ஆகிவிட்டாளா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பின்னலை அவிழ்த்தேன். முட்டை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவிழ்த்த முடியில் பழைய எண்ணெய் வாசனை அடித்தது. நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி.

மறுநாளும் பின்னல். அதற்கு மறுநாளும்.

நான் போகிறபோது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, மெதுவாக நடந்து வர ஆரம்பித்தாள். நடுவில் நின்று, திரும்பி, இருட்டுக் கூடத்தைப் பார்த்துக் கையசைப்பாள். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

"என் பொண்ணுக்கு யாரு பின்னி விடுறது?" என்று ஆயாம்மாவை ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "இத்தனை பிள்ளைங்க இருக்கு. பின்னுறதுக்கு எங்களுக்கு ஏதும்மா நேரம்?"

"அப்போ தானா பின்னிக்குதா?"

"பிள்ளை நல்லா இருக்குல்ல? விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முட்டை கட்டிலிலிருந்து விழுந்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்து, மருந்து போட்டு, மறுநாள் காப்பகத்தில் விட்டேன்.

மாலையில் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆயாம்மா வழக்கப்படி குனிந்து கேட்டார். "பாப்பா, யாரு வந்திருக்கா?"

முட்டை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி" என்றாள்.

"என்னடி விளையாடுற? நான் அம்மாடி!"

"அம்மா உள்ள இருக்காங்க."

ஆயாம்மாவின் கை கேட்டின் தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. "பாப்பா சொல்லாம அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று இழுத்தார். தினமும் என் முகத்தைப் பார்க்கிற மனுஷி! பெரிய டீச்சர் ஓடிவந்து சமாதானம் பேசி, முட்டையைத் தூக்கி என் கையில் கொடுப்பதற்குள் நான் நடுத்தெருவில் அழுதுவிட்டேன். வழி நெடுக அவள் என் தோளில் தலை சாய்க்கவே இல்லை.

மறுநாள் மதியம் கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். ஆயாம்மா சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அங்கே இருந்தால் தூங்கும் அறையில் யார்?

கதவை மெல்லத் தள்ளினேன்.

திரை போட்ட அறை. மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. பாய்களில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கினார்கள். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

கடைசிப் பாயில் முட்டை மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் பின்னால் யாரும் இல்லை.

அவள் முடி தானாகவே பின்னிக்கொண்டிருந்தது.

மூன்று கற்றைகள் காற்றில் எழும்பி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இறுகி, மறுபடி எழும்பின. ஒவ்வொரு இழுப்புக்கும் முட்டையின் தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது. அவள் அழவில்லை. கண்ணை மூடிச் சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். எனக்கு வந்தது பயமில்லை, பொறாமை. என் கைக்கு அழுகிற பிள்ளை, இல்லாத கைக்கு இப்படி மயங்கி உட்கார்ந்திருக்கிறாளே!

"எவடி அது?" என்றேன். "என் பொண்ணை விடு."

முடி அப்படியே அந்தரத்தில் நின்றது.

என் காதருகே, மிக அருகே, ஒரு பெண் மூச்சு விட்டாள்.

"நெத்தியில காயம்."

"விழுந்துட்டா. பிள்ளைன்னா விழத்தான் செய்யும்."

"இங்க விழல."

அந்தக் குரலில் கோபமே இல்லை. என்னைவிட மேலான ஒருத்தி பொறுமையாக எடுத்துச் சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் என்னைக் கொளுத்திவிட்டது.

"நான் வேலைக்குப் போறேன்டி, ஊர் சுத்தப் போகல! அவ்வளவு பாசம் பொத்துக்கிட்டு வருதுன்னா நீயே எங்க வீட்டுக்கு வந்து வளர்த்துக்க!"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சண்டையில் யார்தான் சொல்லவில்லை? பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால் அவளும் இரண்டு திட்டிவிட்டுப் போவாள்.

இவள் திட்டவில்லை. கற்றைகள் தொப்பென்று முட்டையின் முதுகில் விழுந்தன. வாசனை அற்றுப்போனது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் பெரிய டீச்சர் குறுக்கே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பார்த்துட்டீங்களா?" என்றார் தணிந்த குரலில். "காப்பகம் வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல குடியிருந்த அம்மாங்க. அவங்க பொண்ணு மாடிப்படியில விழுந்து போயிடுச்சு. இந்தத் தடுப்பு, மூலைக்கு மூலை பஞ்சு, எல்லாம் அவங்க வச்சதுதான்."

"பொண்ணு போனப்புறமா?"

"போனப்புறம்தான். கொஞ்ச நாள்ல அவங்களும் போயிட்டாங்க. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணல, பிள்ளைங்களை விழாம பார்த்துக்கறாங்க. அதான் நாங்களும் கண்டுக்காம இருக்கோம்."

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" என்று கத்திவிட்டு, அன்றோடு அந்த இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அதன்பிறகு சில நாட்கள் நன்றாகவே போயின. முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கினேன். முட்டையோடு தரையில் உருண்டு விளையாடினேன், கதை சொன்னேன், சோறு ஊட்டினேன். மூன்றாம் நாள் அவளே வந்து மடியில் ஏறி "அம்மா" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்கூட. எவளோ செத்துப்போனவளைத் தோற்கடித்துவிட்ட சிரிப்பு.

சனிக்கிழமை மதியம். முட்டையைப் படுக்கையறையில் தூங்க வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்தேன். போன காலோடு அப்படியே திரும்பி வந்தேன், அதற்குமேல் ஆகவில்லை.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன். உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதை எட்ட நானே குதிகாலை உயர்த்த வேண்டும்.

துணி கையிலிருந்து விழுந்தது.

"முட்டை! கதவைத் திறடி!"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. முட்டையின் சிரிப்பு. அதோடு சேர்ந்து இன்னொன்று, அடங்கிய குரலில்.

இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். சிரிப்பு நின்றது. சின்னப் பாதங்கள் கதவுவரை நடந்து வந்தன.

"யாரு?"

"அம்மாடி, கண்ணு. அம்மா வந்திருக்கேன். திற."

உள்ளே ஏதோ கிசுகிசுத்தார்கள். நான் கதவில் காதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றாள் என் மகள். "நீங்க யாரு?"